காலனிப் பள்ளிக்கூடம் பாழானது யாரால்?

திருவண்ணாமலை என்று சொன்னால் 217 அடி ராஜகோபுரமும், 2,668 அடி மலையும், கார்த்திகைத் தீபமும், பௌர்ணமிக் கிரிவலமும்தான் ஜனங்களுக்கு ஞாபகம் வரும். அவைகளைப் பற்றி எழுத எத்தனையோ பத்திரிகைகள் இருக்கின்றன. எந்தப் பௌர்ணமிக்கு எத்தனை விசேஷ பஸ், எத்தனை லட்சம் ஜனம், உண்டியலில் எவ்வளவு பணம் என்று மாதம் தவறாமல் அவை எழுதி வருகின்றன. ஆதலால் நாம் இங்கு எழுதப் போவது அவைகளைப் பற்றியல்ல. அந்த மலை கண்ணுக்கு நன்றாகத் தெரியும் தூரத்தில் பூட்டிக் கிடக்கும் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தைப் பற்றியேயாகும்.

சென்ற பௌர்ணமிக்கு மறுநாள் ஒரு தோழர் வீட்டுக் காரியமாக அப்பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு நாம் போக நேர்ந்தது. கிராமத்தின் பெயரை நாம் எழுதப் போவதில்லை. எழுதினால், "அது அந்த ஊர்ச் சங்கதி" என்று மற்ற ஊரார் தப்பித்துக் கொள்ள வசதியாய்ப் போய்விடும். இதைப் படிக்கும் தோழர்களில் பலருக்குத் தங்கள் ஊரே நினைவுக்கு வரும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

என்ன கண்டோம்?

ஊரைத் தாண்டி, ஓடைப் பாலத்தைக் கடந்து, இரண்டு பர்லாங் நடந்தால் காலனி. பாலத்தருகே நின்ற பெயர்ப் பலகையில் "காலனி" என்ற எழுத்துக்கள் மேல் புதிதாய் வெள்ளைப் பெயிண்டு அடித்திருந்தது. அந்தச் சொல் இழிவுக்கு அடையாளமாக ஆகிவிட்டபடியால் அதை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதென்று 2025ஆம் வருஷம் ஏப்ரல் 29ந் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் சட்டசபையில் அறிவித்தார். நல்ல காரியந்தான், நாம் மனமார வரவேற்கின்றோம். ஆனால் பெயிண்டு அடித்தவர் பலகையோடு திரும்பிப் போய்விட்டார். பலகைக்கு அப்பால் உள்ளதெல்லாம் பழையபடியே இருக்கின்றது. ஊரார் வாயிலும் அந்தச் சொல் அப்படியே இருக்கின்றது. அதனால்தான் நாமும் இந்தக் கட்டுரையில் அதை மறைக்காமல் எழுதுகின்றோம்.

அங்குள்ளவை தொகுப்பு வீடுகள். 1974இல் தாட்கோ ஏற்பட்ட பிறகு தமிழ்நாடெங்கும் ஆதிதிராவிட மக்களுக்குக் கட்டித் தரப்பட்டனவே, அந்த மாதிரி ஒரே அறையும் ஒரு சமையல் மூலையுமாய் வரிசையாய் நிற்கும் கான்கிரீட் வீடுகள். கட்டி முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கும். கூரையின் பூச்சு உதிர்ந்து, கம்பிகள் துருப்பிடித்து வெளியே தெரிகின்றன. தூங்கும் குழந்தைகள் மேல் காரை விழாமலிருக்க வீட்டுக்குள்ளேயே படுதா கட்டியிருக்கிறார்கள். மழைக்காக வெளியே படுதா கட்டுவதைப் பார்த்திருக்கிறோம். வீட்டுக்குப் பயந்து வீட்டுக்குள்ளே படுதா கட்டுவதை அங்குதான் பார்த்தோம். நாலில் ஒரு வீடு பூட்டியிருந்தது. கேட்டால், "பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார்கள்" என்று பதில் வந்தது. மற்றவர்களுக்கு மாடி கட்டப் போனவர்களுடைய வீட்டுக் கூரை இங்கு இடிந்து விழுந்து கொண்டிருக்கிறது.

காலனியின் கடைசியில் பள்ளிக்கூடம். முன்புறத்துக் கேட்டில் பூட்டுத் தொங்குகிறது. பக்கத்து மதில் இடிந்து கிடப்பதால் பூட்டினால் ஆடுகளுக்கு ஒரு தடையும் இல்லை. நாமும் ஆடுகள் போன வழியாகவே உள்ளே போனோம். இரண்டு வகுப்பறை, ஒரு தாழ்வாரம், ஒரு சத்துணவு அறை. சுவரில் அ, ஆ, இ, ஈ. யானைக்கும் மயிலுக்கும் மழைத் தண்ணீர் இறங்கிச் சாயம் வழிந்திருந்தது. பிள்ளைகள் கை கழுவக் கட்டிய தொட்டியில் செடி முளைத்திருந்தது. குழாய்களை யாரோ கழற்றிக் கொண்டு போயிருந்தார்கள். கரும்பலகையின் மூலையில் உபாத்தியாயர் தினமும் எழுத வேண்டிய கணக்கு மட்டும் அழியாமல் இருந்தது: பதிவு 3, வருகை 2. அந்த மூன்றாவது பிள்ளை அன்று ஏன் வரவில்லையோ, நமக்குத் தெரியாது. அன்றைக்குப் பிறகு அந்தப் பலகையில் யாரும் எழுதவில்லை.

பேச்சுக் குரல் கேட்டு ஒரு அம்மாள் வந்தார். வெகு காலம் அப்பள்ளியில் சத்துணவு ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளியைப் பூட்டிய பிறகும் வாரம் ஒரு தரம் தாழ்வாரத்தைப் பெருக்கி விட்டுப் போகிறாராம்.

"ஏம்மா, பூட்டின பள்ளிக்கூடத்தைப் பெருக்குவானேன்?" என்று கேட்டோம்.

"அறுபது புள்ளைங்க உக்காந்து சாப்ட்ட எடம்யா. பாழாப் போவுதேன்னு மனசு கேக்கல" என்றார்.

அப்பள்ளியில் முதல் எழுத்துப் படித்தவர்களில் ஒரு பெண் நர்சாக இருக்கிறாளாம். ஒருவர் போலீசில் இருக்கிறாராம். இன்னொருவர் பஸ் கண்டக்டராம். விரல் விட்டு ஒவ்வொருவராய்ச் சொன்னார். "உங்கள் பேரப்பிள்ளை எங்கே படிக்கிறான்?" என்று கேட்டதும் கொஞ்ச நேரம் பேசாமலிருந்து, "வேன்ல போறான்" என்றார். மகன் பெங்களூரில் கலவை சுமந்து அனுப்பும் பணத்தில் பாதி வேனுக்கும் பீசுக்கும் போகிறதாம். "ஏன், பாட்டி சமைத்த பள்ளிக்கூடம் வாசலிலேயே இருந்ததே?" என்றோம். அதற்கு அந்த அம்மாள் சொன்ன பதிலுக்காகத்தான் இந்தக் கட்டுரையையே நாம் எழுதுகின்றோம்.

"அங்க படிச்சா சர்ட்டிபிகேட்டுல பள்ளிக்கூடத்துப் பேரே நாங்க யாருன்னு சொல்லிடுதுய்யா. எங்க போனாலும் அந்தப் பேரு முன்னாடி போவுது. அவனுக்காவது அது வேணாம்னு எம்மவன் சொல்லிட்டான்."

ஊர்ப் பள்ளியின் கதை

திரும்பி வரும்போது ஊருக்குள் இருக்கும் தொடக்கப் பள்ளியையும் பார்த்தோம். நல்ல கட்டடம், இரண்டு உபாத்தியாயர்கள், ஒன்பது பிள்ளைகள்! ஆக, இரண்டு பர்லாங் தூரத்தில் இரண்டு பள்ளிகள். ஒன்று செத்துவிட்டது, மற்றொன்றுக்கு மூச்சு வாங்குகிறது. அப்படியானால் அக்கிராமத்தில் பிள்ளைகளே இல்லையோ என்று நினைத்தோம். மறுநாள் காலை எட்டு மணிக்கு டீக்கடையில் நின்று பார்த்தபோது மூன்று மஞ்சள் வேன்கள் வந்தன. இரண்டு ஊரில் நின்றன. ஒன்று பாலத்தருகே நின்றது. நாம் எண்ணிய வரையில் ஐம்பது பிள்ளைகளுக்குக் குறையாமல் ஏறிப் போனார்கள். ஒரு பள்ளிக்கு வேண்டிய பிள்ளைகளும் அங்கு இருக்கிறார்கள். கட்டடமும் இருக்கிறது. உபாத்தியாயரும் இருக்கிறார். ஒன்றாக உட்காரும் மனம் ஒன்றுதான் இல்லை.

டீக்கடையிலிருந்த ஒரு பெரியவரிடம், "ஊர்ப் பள்ளியையும் காலனிப் பள்ளியையும் பத்து வருஷத்துக்கு முன்பே ஒன்றாக்கி அந்தப் பெரிய மைதானத்தில் நடத்தியிருக்கலாமே?" என்று கேட்டோம். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "அதெப்படிங்க, நம்ம புள்ளைங்க அங்க போவுமா?" என்றார். "ஏன் போகக் கூடாது?" என்றதற்கு, "போவாதுங்க, அவ்வளவுதான்" என்றார். இந்த "அவ்வளவுதான்" என்ற ஒரு வார்த்தைதான் அந்தப் பள்ளியைப் பூட்டிய பூட்டு. கேட்டில் தொங்குவது வெறும் இரும்பு.

சொல்லப்படும் காரணங்கள்

பிள்ளை சேராத பள்ளிகளை மூடுவது புதிய சங்கதியல்ல. 2019ஆம் வருஷம் ஒரு பிள்ளைகூட இல்லாத 46 பள்ளிகளை மூடி நூலகமாக்குவதென்று தமிழ்நாட்டு அரசு முடிவு செய்தது. 2025ஆம் வருஷம் ஒரு பிள்ளையும் சேராத அரசுப் பள்ளிகள் 207 என்று செய்தி வெளியாயிற்று. கட்சி மாறி ஆட்சி வந்தும் காரியம் மாறவில்லை. இதற்குக் காரணம் கேட்டால், பிறப்பு விகிதம் குறைந்துவிட்டது என்றும், ஜனங்கள் பிழைக்க வெளியூர் போய்விட்டார்கள் என்றும், ஆங்கில மோகம் என்றும் சொல்லுகிறார்கள்.

இவைகள் பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 பிள்ளை என்று 2020ஆம் வருஷத்துக் கணக்கு சொல்லுகிறது. அது நல்லதுதான். பெண்கள் படித்ததன் பலன் அது; அதற்காக வருந்த வேண்டியதில்லை. வெளியூர் போனவர்களும் உண்டு. பூட்டிய வீடுகளை நாமே கண்ணால் கண்டோம். ஆங்கிலத்தின் பேரில் உள்ள ஆசையும் மெய்யே. ஆனால் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழி வகுப்புக்கள் வைத்துப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. 2022 முதல் காலை உணவும் போடுகிறார்கள். புத்தகம், சீருடை, செருப்பு முதலாக இலவசமாகக் கிடைக்கின்றன. இவ்வளவும் இருந்தும் கூலிக்காரன் கடன் வாங்கி வேனுக்குக் கட்டுகிறான் என்றால், இந்த மூன்று காரணங்களுக்கும் அடியில் நாலாவது காரணம் ஒன்று இருக்க வேண்டுமா இல்லையா என்று கேட்கின்றோம்.

அந்த நாலாவது காரணத்தை எந்த அறிக்கையிலும் எழுதமாட்டார்கள். ஊர்க்காரன் பிள்ளை காலனிப் பிள்ளையோடு உட்காரக் கூடாதென்று வேனில் போகிறது. காலனிக்காரன் பிள்ளை காலனிப் பிள்ளை என்ற முத்திரை படக் கூடாதென்று வேனில் போகிறது. ஒருவன் ஜாதியைக் காப்பாற்றப் பணம் கொடுக்கிறான்; மற்றவன் ஜாதியிலிருந்து தப்பிக்கப் பணம் கொடுக்கிறான். இரண்டு பேர் பணத்தையும் வாங்கிக் கொண்டு வேன்காரன் போகிறான்.

போதாக்குறைக்கு, 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் நூற்றுக்கு 25 இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, அதற்குண்டான கட்டணத்தைப் பொதுப் பணத்திலிருந்தே கொடுக்கும் ஏற்பாடும் இருக்கின்றது. ஏழைப் பிள்ளை நல்ல பள்ளிக்குப் போவதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் தன் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டுத் தன் பணத்தைக் கொடுத்துப் பிள்ளைகளை ஓட்டலுக்கு அனுப்புகிற குடும்பஸ்தனை உலகம் என்ன சொல்லும்?

தனிப் பள்ளி ஏன் ஏற்பட்டது?

இந்த ஆதிதிராவிடர் பள்ளிகள் ஏன் தனியாக ஏற்பட்டன என்பதை இக்கால இளைஞர்கள் அறிய வேண்டியது அவசியம். தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளைப் பொதுப் பள்ளிக்கூடங்களில் சேர்க்க மறுத்த காலம் அது. பள்ளிக்கூடம் அக்கிரகாரத்திலோ கோயில் பக்கத்திலோ இருக்கும். அந்தத் தெருவிலேயே நடக்கக் கூடாதென்றால் பள்ளிக்குள் எப்படி நுழைவது? கிறிஸ்தவ மிஷன்காரர்கள் சிலர் பள்ளிகள் வைத்தார்கள். 1894இல் கர்னல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளி தொடங்கினார். பிறகு 1920ஐ ஒட்டிச் சென்னை மாகாணத்தில் லேபர் கமிஷனர் இலாகா என்று ஒன்று ஏற்பட்டு, அதன் மூலம் சேரிகளிலேயே பள்ளிகள் திறக்கப்பட்டன. பின்னால் அவை ஹரிஜன நலப் பள்ளிகள் என்றும், அதன் பின் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் என்றும் பெயர் மாறி வந்தன. அப்படி வந்த பள்ளிகள் இப்போது தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன.

அன்று அது செய்யத்தக்க காரியம். செய்யாமலிருந்தால் லட்சக்கணக்கான பேர் எழுத்தறியாமலே செத்திருப்பார்கள். அந்த ஆயா விரல் விட்டுச் சொன்ன நர்சும் போலீசும் கண்டக்டரும் அந்த ஏற்பாட்டின் பலன்கள். அதை நாம் குறைத்துப் பேசினால் நன்றி கெட்டவர்களாவோம். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். கால் ஒடிந்தவனுக்குக் கட்டை கொடுப்பது தர்மம். ஒடித்தவனை விட்டுவிட்டுக் கட்டையை மட்டும் நூறு வருஷம் கொடுத்துக் கொண்டிருப்பது என்ன தர்மம்? சேரிக்குப் பள்ளி கொடுத்ததோடு சர்க்கார் கடமை தீர்ந்ததென்று நினைத்தது. சேரியைத் தள்ளி வைத்த ஊருக்கு ஒரு பாடமும் கற்பிக்கவில்லை. சட்டப்படி அப்பள்ளிகளில் எந்த ஜாதிப் பிள்ளையும் சேரலாம். ஆனால் எத்தனை ஊரில் ஊர்த்தெருப் பிள்ளை பாலத்தைத் தாண்டி வந்து படித்திருக்கிறது? வாசகர்கள் தங்கள் ஊரை நினைத்து நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும்.

"இப்போதெல்லாம் யாரப்பா ஜாதி பார்க்கிறார்கள்?" என்று கேட்கும் பட்டணத்துப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018ஆம் வருஷம் திருப்பூர் ஜில்லா அவிநாசி பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் ஆதிதிராவிடப் பெண்மணி ஒருவர் சத்துணவு சமைக்க வந்ததற்காக ஊரார் ஆட்சேபித்துப் பள்ளியையே முற்றுகையிட்டார்கள். திருவண்ணாமலை ஜில்லாவிலேயே தென்முடியனூரில், தலைமுறை தலைமுறையாகத் தடுக்கப்பட்டிருந்த மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் 2023ஆம் வருஷம் ஜனவரி 30ந் தேதி பலத்த போலீஸ் காவலோடுதான் காலடி வைக்க முடிந்தது. கோயிலுக்குப் போவதால் புத்தி வளரும் என்பது நம் கொள்கையல்ல. ஆனால் போகக் கூடாதென்று தடுப்பவன் எந்தக் காலத்தில் வாழ்கிறான் என்பதை அது காட்டுகிறதல்லவா? பெரியவர்களைக் கோயிலுக்குள் விடாதவன் பிள்ளைகளைத் தன் பிள்ளையோடு பெஞ்சில் உட்கார விடுவானா?

அமெரிக்கா காட்டும் பாடம்

இந்த நோய் நமக்கு மாத்திரம் உள்ளதல்ல. அமெரிக்காவின் தென்பகுதியில் வெள்ளையர் பிள்ளைகளுக்கும் கறுப்பர் பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பள்ளிகள் இருந்தன. தனியாய் வைப்பதே சமத்துவத்துக்கு விரோதம் என்று 1954ஆம் வருஷம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. 1957இல் லிட்டில் ராக் என்ற ஊரில் ஒன்பது கறுப்புப் பிள்ளைகள் வெள்ளையர் பள்ளிக்குள் போகப் பட்டாளம் காவல் நிற்க வேண்டியிருந்தது. வெர்ஜீனியா மாகாணத்தில் பிரின்ஸ் எட்வர்டு என்ற ஜில்லாவிலோ, ஒன்றாகப் படிக்க வைப்பதைவிடப் பள்ளியே வேண்டாமென்று 1959 முதல் 1964 வரை பொதுப் பள்ளிகள் எல்லாவற்றையும் இழுத்து மூடிவிட்டார்கள்! வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி ஏற்பட்டது. கறுப்பர் பிள்ளைகளில் பலர் ஐந்து வருஷம் எழுத்து வாசனை இல்லாமல் திரிந்தார்கள்.

அங்கு தீர்மானம் போட்டு மூடினார்கள். இங்கு தீர்மானம் ஒன்றும் போடாமல், ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு வேனாக மூடுகிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

அமெரிக்காவில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அதை நம் சர்க்கார் கவனிக்க வேண்டும். பள்ளிகளை ஒன்றாக்கியபோது பெரும்பாலும் மூடப்பட்டவை கறுப்பர் பள்ளிகளே; வெள்ளையர் பள்ளிகள் நிலைத்து நின்றன. கறுப்பு உபாத்தியாயர்களும் தலைமை உபாத்தியாயர்களும் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். ஒன்றாவது என்பது ஒருவன் வீட்டை இடித்து மற்றவன் வீட்டுத் திண்ணையில் இடங் கொடுப்பதாக முடிந்தது.

இந்தப் பயம்தான் நம் நாட்டிலும் இருக்கிறது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் முதலிய எல்லா இலாகாப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டு வருவதாக 2023ஆம் வருஷத்து நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாட்டு அரசு சொன்னபோது, ஒடுக்கப்பட்ட மக்களின் இயக்கங்களே ஆட்சேபித்தன. அவ்வருஷம் ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவன் கூடப் படித்தவர்களாலேயே ஜாதியின் பேரால் வெட்டப்பட்ட பிறகு நியமிக்கப்பட்ட நீதிபதி சந்துரு கமிட்டி, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளிப் பெயர்களில் உள்ள ஜாதி அடையாளங்களை எடுத்துவிட்டு அரசுப் பள்ளி என்று மட்டும் வைக்கச் சொல்லிற்று. இதில் யார் சொல்வது சரி என்று தோழர்கள் நம்மைக் கேட்கலாம். இருவர் சொல்வதும் சரியே என்று சொல்லுவோம். பெயரில் ஜாதி இருக்கக் கூடாது. அந்த ஆயாவின் வார்த்தைக்கு மேல் இதற்குச் சாட்சி வேண்டியதில்லை. ஆனால் பெயரை எடுக்கிற சாக்கில் நிலத்தையும், உத்தியோகத்தையும், விடுதியையும் எடுத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் அனுபவத்தைக் கொண்டு பயப்படுகிறார்கள். "உன் பள்ளியை மூடிவிட்டேன், இனி நீ ஊர்ப் பள்ளிக்கு வா" என்பது சமத்துவமாகாது. எப்போதும் சேரிப் பிள்ளையே பாலத்தைத் தாண்ட வேண்டும், ஊர்ப் பிள்ளை ஒருபோதும் தாண்ட வேண்டியதில்லை என்பதுதானே அதன் அர்த்தம்?

என்ன செய்ய வேண்டும்?

ஆகவே நமது அபிப்பிராயத்தைச் சுருக்கமாகச் சொல்லுகின்றோம். ஒரே கிராமத்தில் ஊருக்கும் காலனிக்கும் தனித்தனியே இரண்டு பள்ளி இருந்து இரண்டும் தேய்ந்து கொண்டிருந்தால், இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். எது விசாலமாயும் வசதியாயும் இருக்கிறதோ அங்கு வைக்க வேண்டும். அது காலனியாய் இருந்தால் காலனியிலேயே வைக்க வேண்டும். அதற்கு ஊராரின் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. பஸ் விடவும் ரேஷன் கடை வைக்கவும் ஜாதியாரின் சம்மதமா கேட்கிறார்கள்? அந்தப் பள்ளிக்கு நாலு உபாத்தியாயர், நல்ல தண்ணீர், கக்கூஸ், சுவர், ஆங்கிலமும் கற்பிக்கத் தெரிந்தவர் ஒருவர், இவைகளைக் கொடுக்க வேண்டும். பள்ளி நிலம் பள்ளிக்கே, உத்தியோகங்களும் விடுதிகளும் ஒன்றுகூடக் குறையாது என்று எழுத்தில் உறுதி சொல்ல வேண்டும். பலகையில் "அரசு தொடக்கப் பள்ளி" என்ற மூன்று வார்த்தைக்கு மேல் இருக்கக் கூடாது. இடிந்து விழும் தொகுப்பு வீடுகளைச் செப்பனிடவோ புதிதாய்க் கட்டவோ வேண்டியது இதோடு சேர்ந்த வேலையாகும். ஏனென்றால் ஜனம் ஊரில் நிலைத்து வாழ வீடு இல்லாதபோது பள்ளிக்குப் பிள்ளை எங்கிருந்து வரும்?

"ஊரார் வரமாட்டார்கள், மீதியுள்ள ஒன்பது பேரும் வேன் ஏறிவிடுவார்கள்" என்று அதிகாரிகள் சொல்லலாம். ஏறட்டும். முதல் வருஷம் ஏறுவார்கள், இரண்டாம் வருஷமும் ஏறுவார்கள். பள்ளி நல்ல பள்ளியாய் இருந்தால் மூன்றாம் வருஷம் பீசுக் கணக்குப் பார்த்து ஒரு தாய் திரும்பி வருவாள். முதலில் வருகிற அந்த ஒருத்திக்கு நம் தோழர்கள் துணை நிற்க வேண்டும். சொல்லப் போனால் அந்த முதல் ஆள் நம் தோழராகவே இருக்க வேண்டும் என்பதுதான் நம் ஆசை. ஊர்த்தெருவில் இருந்து கொண்டு கூட்டங்களில் ஜாதி ஒழிய வேண்டுமென்று கைதட்டுகிற தோழர்களை நாம் கேட்கின்றோம்: உங்கள் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது? மேடையில் நூறு பிரசங்கம் செய்வதைவிட, காலையில் தன் பிள்ளையின் கையைப் பிடித்துக் கொண்டு பாலத்தைத் தாண்டுகிற ஒரு தகப்பன் அதிக வேலை செய்கிறான். நாம் இதைச் செய்யாமல் ஊராரைக் குறை சொல்வதற்கு நமக்கும் யோக்கியதை கிடையாது.

கடைசியாக ஒன்று. திருவண்ணாமலைக் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கான ஜனம், அந்தக் கிராமத்து ஊர்க்காரரும் காலனிக்காரரும் உட்பட, தோளோடு தோள் இடித்துக் கொண்டு வெறுங்காலோடு அதைச் சுற்றுகிறார்கள். பக்கத்தில் வருகிறவன் என்ன ஜாதி என்று அங்கு யாரும் கேட்பதில்லை. கேட்டால் நடக்க முடியாது. அப்படிச் சுற்றுவதால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது நம் எண்ணம். அதை இங்கு விவகாரத்துக்கு இழுக்கவில்லை. நாம் கேட்பதெல்லாம் இதுதான். ஒரு மலையைச் சுற்ற ராத்திரி முழுவதும் 14 கிலோமீட்டர் நடக்கிற கால்கள், தன் பிள்ளை படிக்க இரண்டு பர்லாங் நடக்க முடியாதா? அங்கு இடிபட்டுப் போகாத ஜாதி, ஐந்து வயதுக் குழந்தைகள் இரண்டு பேர் ஒரே பாயில் உட்கார்ந்து அ, ஆ எழுதினால் மட்டும் போய்விடுமா?

அந்த ஆயா இந்த வாரமும் தாழ்வாரத்தைப் பெருக்கியிருப்பார். ஊரார் யோசிக்கட்டும், சர்க்காரும் யோசிக்கட்டும். நம் தோழர்கள் யோசித்தது போதும். புறப்படுங்கள் என்று கேட்டுக் கொள்ளுகின்றோம்.